மின்னஞ்சல் நோமிக்கில் விதித் தகராறு: தீர்ப்பாளருக்கான கேள்வி பதில்கள்

பர்மாவில் யாங்கூனில் மூவர், மோல்மீனில் இருவர், தட்டோனில் ஒருவர், தமிழ்நாட்டில் சென்னையில் ஒருவர் என ஏழு பேர் மின்னஞ்சல் வழியாக நோமிக் ஆடி வருகிறோம். விதிகளைத் தமிழாக்கியவன் நான். விதித் தொகுப்பும் புள்ளிக் கணக்கும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. புதிதாகச் சேர நினைப்பவர்களும் தனிக் குழு தொடங்கியவர்களும் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் தீர்ப்பைப் பற்றியவை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நோமிக் என்றால் என்ன?

ஆட்டத்தின் விதிகளை மாற்றுவதுதான் இதில் ஆட்டம். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் இதை உருவாக்கினார். 1982 ஜூன் மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டக்ளஸ் ஹோஃப்ஸ்டாட்டர் தம் பத்தியில் அறிமுகப்படுத்திய பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. தொடக்க விதிகள் 29. அவற்றில் 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். தன் முறை வந்ததும் ஒருவர் ஒரு விதி மாற்றத்தை முன்மொழிவார், எல்லோரும் வாக்களிப்பார்கள். முதல் முன்மொழிவுக்கு எண் 301. முதல் இரண்டு சுற்றுகளில் ஒருமனதான வாக்கு தேவை. அதன் பிறகு பெரும்பான்மை போதும். மாறா விதியைக்கூட ஒருமனதாக வாக்களித்து மாறும் விதியாக இறக்கலாம். பிறகு திருத்தலாம், நீக்கலாம்.

விதியை மாற்றுவதற்கும் விதி வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தல் விதிகளை கி.பி. 919இல் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் குறை கண்டு, 921இல் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே திருத்தினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

தீர்ப்பாளர் யார்? யார் அவரை நியமிக்கிறார்கள்?

யாரும் நியமிப்பதில்லை. விதி 212இன்படி, யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கு முந்தைய ஆட்டக்காரர்தான் தீர்ப்பாளர். ஒரு நகர்வு செல்லுமா, ஒரு விதிக்கு என்ன பொருள் என்பதில் கருத்து வேறுபாடு வந்தால் அவர் முடிவு சொல்வார். ஒரே ஒருவர் வற்புறுத்தினாலும் அது கருத்து வேறுபாடுதான். தீர்ப்பு கேட்டாகிவிட்டால், மற்றவர்களில் பெரும்பான்மையினர் இசைந்தால்தான் அடுத்தவர் தம் முறையைத் தொடங்கலாம்.

தீர்ப்பைத் தள்ள வேண்டுமானால், அடுத்த முறை தொடங்குவதற்குள் மற்ற எல்லோரும் ஒருமனதாக எதிராக வாக்களிக்க வேண்டும். தள்ளினால் அவருக்கும் முந்தையவர் தீர்ப்பாளராவார். எந்த நேரத்திலும் தம் சொந்த முறையில் ஒருவர் தீர்ப்பாளராக இருக்க முடியாது.

முறை வரிசையிலேயே தகராறு என்றால்?

மின்னஞ்சல் ஆட்டங்களில் குடும்பப்பெயரின் அகரவரிசைப்படி முறை வரும் என்கிறது சூபரின் விதி 201. எங்கள் முதல் தகராறே இதில்தான் வந்தது. பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அடையாள அட்டையில் பர்மியப் பெயரும் கோயில் பத்திரிகையில் தமிழ்ப் பெயரும் உள்ளவர்கள் எங்கள் குழுவிலேயே நான்கு பேர்.

மோல்மீன் பெரியவர் ஒருவர் தம் பர்மியப் பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டுத்தான் கையெழுத்திடுவார். 'ஊ'வைக் கணக்கில் எடுத்தால் அவர் உயிரெழுத்து வரிசையில் முன்னால் வந்துவிடுவார். ஆனால் அது 'திரு' மாதிரி மரியாதை அடை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் 'தாண்ட்'தான்.

வரிசை தெரியாவிட்டால் முந்தையவர் யார் என்று தெரியாது. முந்தையவர் தெரியாவிட்டால் தீர்ப்பாளர் யார் என்று தெரியாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வரியும் 212லேயே இருக்கிறது: தீர்ப்பாளர் தம் தகுதியையும் அதிகார எல்லையையும் பற்றிய கேள்விகளுக்கும் தாமே முடிவு சொல்லலாம். நான் முதலில் சுற்றுக்கு விட்ட பட்டியலின்படி யார் முந்தையவரோ அவர் தீர்ப்பாளராக அமர்ந்தார். விதியிலுள்ள 'குடும்பப்பெயர்' எங்களில் யாருக்கும் இல்லாததால் விதி இங்கே மௌனம் என்றார். ஒவ்வொருவரும் மின்னஞ்சலில் வழக்கமாகக் கையெழுத்திடும் பெயரை, அடை நீக்கி, தமிழ் அகரவரிசையில் வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். யாரும் தள்ளவில்லை. உங்கள் குழுவில் முதல் வேலையாக விதி 201ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

தீர்ப்பாளர் எதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்?

முதலில் விதியின் வாசகம். எல்லாத் தீர்ப்புகளும் அப்போது நடைமுறையிலுள்ள விதிகளுக்கு இசைந்தே இருக்க வேண்டும். விதி மௌனமாக இருந்தால், முரண்பட்டால், தெளிவில்லாமல் இருந்தால், அப்போது மட்டும் ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தின் உணர்வையும் பார்க்க வேண்டும். வேறு அளவுகோல்கள் அதற்கும் பிறகுதான்.

மின்னஞ்சலில் 1993 ஜூன் 30 முதல் நடந்துவரும் அகோரா என்ற நோமிக் இருக்கிறது. அங்கும் வாசகத்துக்குத்தான் முதலிடம். வாசகம் கைவிடும் இடத்தில் ஆட்ட வழக்கம், பொது அறிவு, முந்தைய தீர்ப்புகள், ஆட்டத்தின் நலன் என்ற நான்கையும் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

எது நல்லது என்று தீர்ப்பாளர் யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. நல்லது எது என்பதற்கு வாக்கெடுப்பு இருக்கிறது. தீர்ப்பாளரிடம் கேட்கப்படுவது விதி என்ன சொல்கிறது என்பது மட்டும். இந்த வேறுபாட்டை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். இதை விட்டுவிட்டால், வாக்கெடுப்பில் தோற்றவர்கள் எல்லோரும் தீர்ப்பாளர் வாசலில் வந்து நிற்பார்கள்.

தமிழில் விதி எழுதுவதால் வரும் தகராறுகள் உண்டா?

ஏராளம். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் எங்களை நான்கு நாள் அலைக்கழித்தது. "புதிதாகச் சேர்ந்தவர் முதல் சுற்றில் வாக்களிக்க வேண்டாம்" என்று ஒரு மாறும் விதி போட்டிருந்தோம். சேர்ந்த வாரத்திலேயே சென்னைக்காரர் வாக்களித்துவிட்டார். (1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறிய குடும்பத்தின் பேரன் அவர்.) 'வேண்டாம்' என்றால் தேவையில்லை என்றுதான் பொருள், விரும்பினால் வாக்களிக்கலாம் என்றார் அவர். குழந்தையைப் பார்த்து "ஓடவேண்டாம்" என்றால் விரும்பினால் ஓடு என்றா பொருள் என்று கேட்டார் தட்டோன் அண்ணன். இரண்டும் சரியான தமிழ். மேற்கோள்கள் பறந்தன, 31 மின்னஞ்சல்கள்.

தீர்ப்பாளர் மோல்மீனில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. விதிகளை அச்செடுத்துத் தையல் இயந்திரத்தின் மேசையில் வைத்து, 101இலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். விதி 105இல் நின்றுவிட்டார்: ஒவ்வொரு ஆட்டக்காரரும் வாக்காளர், ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் அவர் கலந்துகொண்டாக வேண்டும். அது மாறா விதி. 'வாக்களிக்கக் கூடாது' என்று படித்தாலும் 105உடன் மோதுகிறது. 'வாக்களிக்கத் தேவையில்லை' என்று படித்தாலும் மோதுகிறது. மாறும் விதிக்கும் மாறா விதிக்கும் மோதல் வந்தால் மாறா விதியே செல்லும் என்கிறது விதி 110. ஆகவே 'வேண்டாம்' என்பதற்கு எந்தப் பொருள் என்று முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை, வாக்கு செல்லும்.

மூன்றே வரித் தீர்ப்பு. நாங்கள் ஆறு பேரும் இலக்கணம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் விதிகளை முழுவதும் வாசித்தார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்னும் பிடித்தது.

அதன் பிறகு, தடுப்பதற்குக் 'கூடாது', விலக்களிப்பதற்குக் 'கட்டாயமில்லை' என்று மட்டுமே எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

'நாங்கள்' என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "நாங்கள் ஒவ்வொருவரும் 5 புள்ளி பெறுவோம்" என்று ஒரு முன்மொழிவு நிறைவேறியது. 'நாங்கள்' கேட்பவரைச் சேர்க்காது, ஆகவே முன்மொழிந்தவர் தரப்புக்கு மட்டும்தான் புள்ளி என்று ஒருவர் வாதிட்டார். முன்மொழிவாக இருக்கும்வரை அது எழுதியவரின் குரல், நிறைவேறியதும் ஆட்டக்காரர் எல்லோருடைய குரல் என்று தீர்ப்பாளர் சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. விதியில் தன்மை இடமே வராமல் 'ஆட்டக்காரர் ஒவ்வொருவரும்' என்று எழுதிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

'பதினைந்து நாளில்' என்றால் 14 நாளா, 15 நாளா?

தேதி போடுங்கள்.

மின்னஞ்சல் தாமதமாக வந்தால் வாக்கு செல்லுமா?

விதியில் 'அனுப்ப' என்று இருக்கிறதா, 'வந்துசேர' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் விதியில் "வாக்கைப் புதன் இரவு 12 மணிக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் எதிர் வாக்காகக் கொள்ளப்படும்" என்று இருந்தது. ஏழு பேரில் மூவர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. தட்டோன் அண்ணனின் வாக்கு வரவில்லை. வியாழன் காலை 6.10க்கு வந்தது: ஆதரவு. மின்னஞ்சலின் தலைப்பில் தேதி வரி புதன் இரவு 11.52 என்று காட்டியது.

அன்று இரவு அவர் ஊரில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரமும் நின்றுவிட்டது. 11.52க்கு அவர் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார். மின்னஞ்சல் அவருடைய கைபேசியின் வெளிப்பெட்டியிலேயே காத்திருந்து, தொடர்பு வந்தபின் விடியற்காலையில் கிளம்பியது. அவர் பொய் சொல்லவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் தீர்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேதி வரியைப் போடுவது அனுப்புபவரின் கருவி. அதன் கடிகாரம் எதைச் சொல்கிறதோ அதுதான் பதிவாகும். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் தான் பெற்ற நேரத்தைத் தனி வரியாக மேலே சேர்த்துக்கொண்டே போகும். முழுத் தலைப்பைத் திறந்து, அந்த வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்தால் மின்னஞ்சல் எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியும். தட்டோன் அண்ணனின் மின்னஞ்சலில் முதல் சர்வர் வரி காலை 6.09.

தீர்ப்பாளர் இப்படி எழுதினார்: தபால்பெட்டியில் போட்ட கடிதம் அனுப்பிய கடிதம், அஞ்சல்தலை ஒட்டி மேசைமேல் வைத்த கடிதம் அனுப்பியதாகாது, வெளிப்பெட்டி என்பது மேசை. வாக்கு செல்லாது. முன்மொழிவு தோற்றது. அதை முன்மொழிந்தவன் நான்; விதி 206இன்படி என் கணக்கில் 10 புள்ளி குறைந்தது. அன்றும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். ஆனால் விதி கொடுமையானது. பர்மாவில் மின்வெட்டு இல்லாத வாரம் எது? ஆகவே அடுத்த சுற்றிலேயே, மின்சாரமோ இணையமோ இல்லாதவர் கெடுவுக்கு முன் இன்னோர் ஆட்டக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னால் 24 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று விதி சேர்த்தோம். விதி மாற்றம் பின்னோக்கிச் செல்லாது என்கிறது 107. ஆகவே தட்டோன் அண்ணனின் அந்த வாக்கு அப்படியே செல்லாததாகத்தான் தொகுப்பில் இருக்கிறது.

எந்த ஊர் நேரம்?

விதியில் எழுதிவையுங்கள். யாங்கூனில் நள்ளிரவு 12 என்றால் சென்னையில் இரவு 11, சிங்கப்பூரில் அதிகாலை 1.30. எங்களுடையது பர்மா நேரம். திஞ்சான் நீர்த் திருவிழாவும் சித்திரை முதல் நாளும் ஏப்ரல் நடுவில் ஒட்டியே வருவதால், அந்த வாரம் முழுவதும் கெடு எதுவும் ஓடாது என்றும் விதி உண்டு.

எழுத்து உடைந்து வந்த முன்மொழிவு செல்லுமா?

வாக்கெடுப்புக்கு முன் முன்மொழிவு எழுதப்பட்டிருக்க வேண்டும், வாக்களித்த அதே வடிவில்தான் விதியாக வேண்டும் என்கிறது 106. கட்டம் கட்டமாக வந்ததை யாரும் வாசித்திருக்க முடியாது. ஆகவே அதற்கு வாக்களித்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. பர்மா 2019 அக்டோபர் 1 அன்று ஜாவ்ஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. பழைய கைபேசி வைத்திருப்பவர்கள் பர்மிய எழுத்தில் ஒரு வரி கலந்து எழுதினால் இன்றும் சிக்கல் வருகிறது. பர்மியச் சுழியமும் பர்மிய 'வ' எழுத்தும் கண்ணுக்கு ஒரே வட்டம்தான்; கணினிக்கு வேறு வேறு. புள்ளிகளை எப்போதும் 1, 2, 3 என்றே எழுதச் சொல்கிறோம்.

முந்தைய தீர்ப்பு அடுத்தவரைக் கட்டுப்படுத்துமா?

212இன்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் முந்தைய தீர்ப்பை வாசிக்காமல் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் நகர்வைத் திட்டமிட்டிருப்பார்கள். மாறுபடலாம், எந்த வரியில், ஏன் மாறுபடுகிறேன் என்று எழுதிவிட்டு மாறுபட வேண்டும்.

ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் வென்றுவிட்டால்?

வென்றது வென்றதுதான். விதி தடுக்காததும் ஒழுங்குபடுத்தாததும் அனுமதிக்கப்பட்டதே என்கிறது 116. விதியை மாற்றுவது மட்டும் விதிவிலக்கு. ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்த ஆட்டத்தின் திறமைகளில் ஒன்று. தீர்ப்பாளர் கோபப்பட்டு 'ஆட்டத்தின் உணர்வு' என்ற பெயரில் அதை அடைக்கக் கூடாது. உணர்வைத் துணைக்கழைக்க, வாசகம் மௌனமாகவோ முரண்பட்டோ மங்கலாகவோ இருக்க வேண்டும். தெளிவான வாசகத்தில் உள்ள ஓட்டை தெளிவான ஓட்டை.

ஒரு நகர்வு செல்லும், செல்லாது என்று இரண்டுமே சமமாக நிரூபணமானால்?

அதற்கு 213 இருக்கிறது. தீர்ப்பாளர் தம்மாலான அளவு ஆராய்ந்தும் ஒரு நகர்வு ஒரே அளவில் செல்லுபடியாகவும் செல்லாததாகவும் தோன்றினால், அந்தத் தீர்ப்பு தள்ளப்படாவிட்டால், தம் முறையை முடிக்க முடியாமல் முதலில் நிற்பவர் வெற்றி பெறுகிறார். வெற்றியாளரைத் தீர்மானிக்கும் மற்ற எல்லா விதிகளுக்கும் இது மேலானது. ஆகவே முரணை வேண்டுமென்றே கட்ட முயல்பவர்கள் உண்டு. தீர்ப்பாளர் அவசரப்பட்டு முரண் என்று அறிவித்துவிடக் கூடாது. விதிகளின் முன்னுரிமையை முதலில் சரிபாருங்கள்: 110க்குப் பிறகு 211, மாறும் விதிகள் இரண்டு மோதினால் சிறிய எண் கொண்டது செல்லும். முரண் என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இங்கேயே கரைந்துவிடுகின்றன.

தீர்ப்பால் தீர்ப்பாளருக்கே ஆதாயம் என்றால்?

212 அதைத் தடுக்கவில்லை. ஏழு பேர் ஆட்டத்தில் ஆதாயமே இல்லாத ஒருவர் கிடைப்பதும் அரிது. "இத்தீர்ப்பால் எனக்கு இத்தனை புள்ளி கிடைக்கும்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மற்றவர்கள் காரணங்களைக் கூடுதல் கவனத்தோடு வாசிப்பார்கள், அது நியாயம்தான்.

மாமாவுக்கு எதிராக மருமகன் எப்படித் தீர்ப்பு எழுதுவது?

எங்கள் ஆட்டத்தில் இது உண்மையிலேயே இருக்கும் சங்கடம். தீர்ப்புக்குள் 'முன்மொழிந்தவர்', 'தீர்ப்பு கேட்டவர்' என்று மட்டும் எழுதுகிறோம். "அன்புள்ள மாமாவுக்கு" என்பது மின்னஞ்சலின் தொடக்கத்தில் இருக்கலாம். தீர்ப்பு தனிப் பகுதியாகக் கீழே வரும். தீர்ப்பை அனுப்புவதற்கு முன் அவரிடம் தொலைபேசியில் தனியாக விளக்கம் சொல்லாதீர்கள். ஒருவர் முன்கூட்டிக் கேட்டது ஏழு பேரும் வாசிப்பதற்குச் சமமாகாது. தீர்ப்பு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு மாமாவுக்குப் பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள்.

விதித் தொகுப்பிலேயே தவறு இருந்து, பல நாள் கழித்துத் தெரிந்தால்?

ஒருமுறை நீக்கப்பட்ட விதி ஒன்றை நான் தொகுப்பிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். மூன்று வாரம் எல்லோரும் அதன்படியே ஆடினார்கள். கண்டுபிடித்ததும் அத்தனை புள்ளிகளையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அகோராவில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: சில அதிகாரபூர்வ அறிக்கைகளை வெளியிட்டு ஒரு வாரத்துக்குள் யாரும் ஐயம் எழுப்பாவிட்டால், அதிலுள்ளதே சரியென்று ஆகிவிடும். அதை நாங்களும் விதியாக்கிக்கொண்டோம். அப்போதிருந்து ஒவ்வொரு வாரமும் அறிக்கையை வரிவரியாகப் பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்ப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

கேள்வி, பொருந்தும் விதி எண்கள், காரணம், முடிவு. இந்த நான்கும் இருந்தால் போதும். தையல் கடை அக்காவின் 'வேண்டாம்' தீர்ப்பை அவர் அனுமதியோடு முழுமையாகத் தருகிறேன்:

"புதியவர் அளித்த வாக்கு செல்லுமா என்பது கேள்வி, பொருந்துபவை விதிகள் 105, 110.
'வேண்டாம்' என்பதை எப்படிப் படித்தாலும் அவ்விதி 105உடன் முரண்படுகிறது; 110இன்படி 105 செல்லும்.
வாக்கு செல்லும், 'வேண்டாம்' என்பதன் பொருளை இத்தீர்ப்பு தொடவில்லை."